வள்ளத்தில் ஓர் இரவு: திருகோணமலைக் குறிப்புகள்

முதல் நாள்

மாமா தொலைபேசியில் சொன்னது ஒரே வரிதான். "வள்ளம் இறக்கப் போறன் பிள்ளை, வாறதெண்டால் வா." அடுத்த நாளே லீவுக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் புறப்பட்ட பஸ் வவுனியா தாண்டி, ஹொறவப்பொத்தானை வழியாகக் காட்டுப் பாதையில் இறங்கி, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. சித்திரை வெயில். புதுவருசம் கழிந்து சில நாட்களே ஆனதால் பஸ் நிறையப் பலகார வாசம். திருகோணமலைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல முதலில் கண்ணில் பட்டவை மான்கள். கடைத் தெருவில் ஆட்களோடு ஆட்களாகப் புள்ளிமான்கள் நடக்கிற ஊர் வேறெங்கே இருக்கிறது?

அம்மாவின் மூத்த அண்ணன் இந்த மாமா. வயது 76. கரையில் எல்லோருக்கும் அவர் "ஓடாவியார்". மரக்கலம் கட்டுகிற தச்சரை நாங்கள் ஓடாவி என்றுதான் சொல்லுவோம். ஆனால் மாமாவை ஓடாவி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பன்னிரண்டு வயதிலிருந்து கடலுக்குப் போனவர். பாய் விரித்து முல்லைத்தீவு வரைக்கும், தெற்கே வெருகல் வரைக்கும் ஓடியவர். கட்டுவதும் அவரே, ஓட்டுவதும் அவரே.

வீட்டுக்குப் போனபோது மாமி மட்டும்தான் இருந்தா. "அவர் எங்கை நிப்பார்? அதுக்குள்ளைதான்" என்று கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினா. குழல் பிட்டும் மீன் சொதியும் சாப்பிட்டேன். மாமா இருட்டிய பிறகுதான் வந்தார். கை, தாடி, புருவம் எல்லாம் மரத்தூள். "வந்திட்டியோ" என்றார். காலையில் ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

இரண்டாம் நாள்

திருக்கடலூர்ப் பக்கம், கடற்கரை மணலில் நாலு தென்னங்குற்றி நட்டு கிடுகு வேய்ந்த கொட்டில். அதுதான் மாமாவின் பட்டறை. உள்ளே 22 அடி வள்ளம் ஒன்று முண்டுகட்டைகளின் மேல் நின்றது.

இந்த வள்ளம் மாமா 1979 இல் தனக்கென்று கட்டியது. மற்றவர்களுக்குக் கட்டியவை நாற்பதுக்கு மேல். எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்: யாருக்கு, எத்தனை அடி, என்ன மரம். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது இந்த வள்ளத்தை அது தூக்கிக்கொண்டு போய் ஒரு மதிலில் அடித்தது. முன்பக்கமான அணியம் பிளந்து, ஒரு பக்கப் பலகை முழுக்கப் போய், பல வருசம் வளவில் கவிழ்ந்து கிடந்தது. கோழி அடைந்தது. விறகுக்குக் கேட்டுக்கூட ஆட்கள் வந்தார்களாம். மாமா கொடுக்கவில்லை. போன வருசம் மாசியில் நிமிர்த்தி வைத்து வேலையைத் தொடங்கியிருக்கிறார். பதினான்கு மாதம்.

"என்ன மரம் மாமா?" என்று கேட்டதுதான் தாமதம், என்னை அணியத்திலிருந்து பின்பக்கமான கடையார் வரைக்கும் நடத்திக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அடியிலே ஓடுகிற முதுகெலும்பு ஏரா. அது இலுப்பை, பழையது, இன்னும் நல்லாய் இருக்கிறது. விலா எலும்பு போல எழும்புகிறவை வங்கு. அதற்குப் பூவரசு. நேர் மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அலை அடிக்கிற இடத்தில் வங்கு முறியும். அதனால் பிறவியிலேயே வளைந்த கொப்பாகத் தேட வேண்டும். மாமா ஊருக்குள் நடக்கும்போது வேலியோரப் பூவரசுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். சின்ன வயதில் அது எனக்கு விளங்கியதில்லை. மரத்தில் வங்கு தேடியிருக்கிறார்!

பலகை சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்லை என்பது இதைத்தான். ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயரே "திருகோணமலை மரம்". இங்கிருந்து கடல் கடந்து சென்னைக்குப் போய், அங்கே மசூலாப் படகுகளுக்குப் பலகையானது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முந்திய சென்னையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சாமான்களையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை அந்தப் படகுகள். ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்தவை. அலை அடிக்கும்போது நெளிந்து கொடுக்கும். அந்த மரம் எங்கள் காட்டில் வளர்ந்தது என்பதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாமாவுக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. "நெளியும், முறியாது. தண்ணியிலை கிடந்தாலும் கெதியா உக்காது. அதுக்குத்தான் எடுத்தவங்கள்" என்றார்.

இப்போது சாவண்டலையைக் காட்டில் வெட்டுவது நினைத்தபடி முடிகிற காரியம் அல்ல. இடித்த ஒரு பழைய வீட்டின் தீராந்திகளை மாமா விலைக்கு வாங்கி, மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்திருக்கிறார். ஓட்டு வீட்டுக் கூரையைத் தாங்கி நின்ற மரம் இப்போது வள்ளத்தின் இடப்பக்கம். வளைவு வேண்டிய பலகையை ஒரு முகத்தில் தண்ணீர் நனைத்து, மறுமுகத்தை நெருப்பில் வாட்டி, கொஞ்சங் கொஞ்சமாகக் கயிறு முறுக்கி வளைத்ததாகச் சொன்னார். ஒரு பலகைக்கு ஒரு பகல்.

இன்றைக்கு நடந்தது கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் இடையில் உள்ள நீக்கலில் பஞ்சைத் திரித்து, மழுங்கின உளியால் வைத்து, மரச் சுத்தியால் அடித்து இறுக்குவது. அதற்கு மேல் குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். காய்ச்சும்போது எழுகிற வாசம் கோயில் வாசம்போலவே இருந்தது. மாமா என்னிடமும் உளியைக் கொடுத்தார். நான் அடித்த இரண்டு அடி நீளத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவர், "நிப்பாட்டு" என்றார். பஞ்சு போதாத இடத்தில் சுத்தியின் சத்தம் மொத்தென்று விழுமாம். இறுகின இடத்தில் டொக்கென்று கணீரிடும். நான் அடித்ததில் பாதியைக் கிளறி எடுத்துவிட்டுத் திரும்ப அடித்தார். கோபமாக அல்ல, இட்டலி வேகவில்லை என்று திரும்ப அடுப்பில் வைப்பதைப் போல.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். இருபத்து மூன்று வயதில் ஒருவருக்கு வள்ளம் கட்டியிருக்கிறார். சீசன் தொடங்கப் போகிறது, அவருக்கு அவசரம். மாமாவும் அவசரப்பட்டுக் கடைசிப் பலகையின் பொருத்தை ஒழுங்காக இறுக்காமல் கொடுத்துவிட்டார். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே இரவில் அந்தப் பொருத்து விட்டுவிட்டது. இரண்டு பேர் விடிய விடியத் தண்ணீர் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்தவர்கள் மாமாவைத் திட்டக்கூட இல்லை. கையைக் காட்டினார்களாம். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது.

"அண்டையிலயிருந்து, நான் கட்டின எந்த வள்ளத்திலயும் முதல் ராத்திரி நான்தான் படுப்பன். தண்ணியிலை விட்டு, அதுக்குள்ளை கிடந்து, விடிஞ்சாப் பிறகுதான் ஆளிட்டைக் குடுப்பன்."

கொப்பியில் அதையும் பார்த்தேன். ஒவ்வொரு வள்ளத்தின் பெயருக்கு நேரேயும் கடைசியில் "படுத்தேன்" என்று ஒரு சொல்.

மூன்றாம் நாள்

குங்கிலியம் காய வேண்டும் என்று வேலை இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தேன். சம்பந்தர் பாடிய தலம், கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே கும்பிடுகிற இடம். போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். இடிந்ததில் கடலுக்குள் போனவற்றை 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டார்கள். மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தண்ணீர் கடும் நீலம். நாளை மறுநாள் அந்த நீலத்தின் மேல் போகப் போகிறோம்.

இரவு மாமாவுக்கு என் போனில் ஒரு படம் காட்டினேன். இந்த ஊரின் பெயரைத் தாங்கிய பாய்க்கப்பல் ஒன்று இன்னும் இருக்கிறது. 1817 இல் மும்பையில் வாடியா குடும்பத்துத் தச்சர்கள் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல். இப்போது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் தண்ணீரில் நிற்கிறது. பாய்மரங்களையும் பீரங்கி வாய்களையும் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் விரலை வைத்தது தண்ணீர் தொடுகிற கோட்டில். "இந்த இடத்தைப் பெருப்பிச்சுக் காட்டு." அப்படியே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள்

நல்ல நேரம் காலை ஒன்பதுக்கு முன். மாமி தேங்காய், கற்பூரம், மஞ்சள் துணி எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தா. அணியத்துக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, பனங்குற்றிகளை உருளையாகப் போட்டு, பதினைந்து பேர் தோள் கொடுத்தார்கள். எங்கள் கடலில் வற்றுப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. தண்ணீர் வந்து வள்ளத்தைத் தூக்கும் என்று காத்திருக்க முடியாது, ஆள்பலம்தான் வேண்டும். ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் "ஏலேலோ" என்று பதில் கொடுத்துத் தள்ளினார்கள். தள்ளிய எல்லோரும் பைபர் வள்ளக்காரர்கள். கரை நெடுகிலும் நிற்பவை அவைதானே. மாமாவுக்கு அவற்றில் வெறுப்பே இல்லை. சுனாமிக்குப் பிறகு பைபர் வள்ளம் வந்திராவிட்டால் இந்தக் கரையில் பாதிப் பேர் பட்டினி என்று அவரே சொல்லுவார். ரெசினும் துணியும் வைத்து அவற்றின் வெடிப்பை ஒட்டுவதும் அவர்தான். அதற்குக் காசு வாங்குவார். மர வள்ளம் பழுதுபார்த்தால் பெரும்பாலும் வாங்கமாட்டார்.

வள்ளம் தண்ணீரைத் தொட்டது. மிதந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மாமா மட்டும் உள்ளே குந்தி அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

நான் பயந்துவிட்டேன். "வரத்தான் வேணும்" என்றார். பல வருசம் காய்ந்து கிடந்த மரம் சுருங்கியிருக்கும். கடல் நீர் ஊற ஊறப் பலகை உப்பி, நீக்கல் நெருங்கி, உள்ளே அடித்த பஞ்சைக் கவ்விப் பிடிக்கும். கலப்பத்து பாதி வேலை, மீதியைத் தண்ணீர் செய்யும். ஊறிய பிறகும் வந்தால்தான் பிழை. அதை அறியத்தான் அந்த இரவு.

நானும் வருகிறேன் என்றேன். மாமி வேண்டாம் என்றா. மாமா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது இறைபட்டையை எடுத்து உள்ளே போட்டார். அதுதான் சம்மதம்.

இடுப்பளவு ஆழத்துக்கு அப்பால் நங்கூரம் போட்டு நின்றோம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறைப்பு. மாமா எண்ணச் சொன்னார். ஏழு மணிக்கு அறுபத்திரண்டு பட்டை. மேற்கே ஊருக்கு மேல் ஆறாமீன் சாய்ந்துகொண்டிருந்தது. எட்டரைக்கு ஐம்பத்தைந்து. எனக்கு அப்போதே தோள் கழன்றது. உள்ளங்கை தோல் உரிந்த அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு நாற்பது. இடைநேரங்களில் மாமா பலகையில் காதை வைத்துப் படுத்திருந்தார். தண்ணீர் எங்கே புகுகிறது என்று உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாது, எல்லாம் ஈரம். சத்தம்தான் சொல்லும். வலப்பக்கம் மூன்றாவது வங்குக்குக் கிட்ட ஒரு சின்னக் கிசுகிசுப்பு. என்னையும் கேட்கச் சொன்னார். முதலில் என் காதுக்குள் ஓடுகிற இரத்தம்தான் கேட்டது. பிறகு கேட்டது.

நிலவு இல்லை. வடக்கே கடலுக்கு மேல் தாழ்வாகத் துருவ வெள்ளி. மாமா கையை நீட்டி விரல்களைப் படுக்கையாகப் பிடித்துக் காட்டினார். தொடுவானத்துக்கும் வெள்ளிக்கும் இடையில் நாலரை, ஐந்து விரல். எவ்வளவு பாகை வடக்கே நிற்கிறோமோ அவ்வளவு பாகை உயரத்தில் துருவ வெள்ளி நிற்கும். திருகோணமலைக்கு எட்டரைப் பாகை. பருத்தித்துறைக்குப் போனால் இன்னும் ஒரு பாகைக்கு மேல் உயரும். வங்கக் கடலில் வடக்கேயிருந்து வருகிறவர்கள் வெள்ளி இந்த விரலளவுக்கு இறங்கியதும் மேற்கே திருப்பினால் கோணமலை. பூகோள வகுப்பில் நான் படித்த விசயம்தான். விரலில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

இதை மாமாவுக்குக் காட்டியவர் தாத்தா. தாத்தா வல்வெட்டித்துறைக் கரையில், மரம் செதுக்கும் வாய்ச்சி பிடிக்கப் பழகியவர். அந்தக் கரையில் கட்டிய அன்னபூரணியைப் பற்றி எங்கள் வீட்டில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! வேப்ப மரத்தால் கட்டிய பாய்க்கப்பல். வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். எங்கள் தண்டையலும் (கப்பல் தலைவன்) மாலுமிகளும் ஓட்டிக்கொண்டு போய் 1938 ஓகஸ்ட் முதலாம் தேதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையில் கட்டினார்கள். சின்ன வயதில் எனக்கு அது ஒரு வெற்றிக் கதை. இருட்டில் மாமா சொன்ன கதை வேறு மாதிரி இருந்தது. அத்திலாந்திக்கின் குளிரில் அந்தப் பலகை எப்படிச் சுருங்கியிருக்கும், எந்தப் பொருத்து முதலில் பேசியிருக்கும், கலப்பத்தை நடுக்கடலில் எப்படித் திருத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் சொன்னார்.

இரண்டு மணிக்குப் பதினெட்டு பட்டை. நான் எப்போது உறங்கினேன் என்று தெரியாது. கண் விழித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. மாமா இறைபட்டையை என் கையில் தந்து அள்ளச் சொன்னார். நாலு தடவைதான் அள்ள முடிந்தது. ஐந்தாவதில் பட்டை பலகையில் சுரண்டிய சத்தம் கேட்டது.

ஐந்தாம் நாள்

ஒரு பகல் உறங்கலாம் என்றிருந்த எனக்கு அது கிடைக்கவில்லை. "கரைக்காத்து நிக்குது, மூதூருக்கு ஒரு நடை போட்டிட்டு வருவம்." மாமாவும் நானும் மாமாவின் பேரனும். பாயைப் பருமல் என்ற குறுக்குக் கம்பில் கட்டி ஏற்றியதும் வள்ளம் ஒருமுறை குலுங்கி, பிறகு அமைதியாக நழுவத் தொடங்கியது. இயந்திரச் சத்தம் இல்லாமல் கரை விலகிப் போவதைப் பார்ப்பது என்ன மாதிரி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. சத்தமே இல்லை, அணியத்தில் தண்ணீர் கிழிபடுகிற சத்தம் மட்டும்.

கோணேசர் மலைக்கு அடியில் காற்று செத்துவிட்டது. மலை மறைப்பு. சவள் என்கிற துடுப்புப் போட்டோம். நேற்று முன்தினம் நான் நின்ற விளிம்பு தலைக்கு மேல் எங்கோ உயரத்தில். மாமா சவளைத் தூக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். மலையைத் தாண்டியதும் காற்று மறுபடி பாயில் ஏறியது. டச்சுக் குடா, அப்புறம் துறைமுக வாசல், அதற்கும் தெற்கே கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை வந்து விழுகிற குடா. தண்ணீரின் நிறமே மாறியது.

இதே குடாவுக்கு ஒரு கப்பல் பழுது பார்க்க வந்து, அதனால் வரலாற்றில் இடம் பிடித்திருக்கிறது. 1659 இல் சோழமண்டலக் கரையில் புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஆன், புது மரம் தேடி இங்கே வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் பிடித்துக் கொண்டுபோனார்கள். மகன் தப்பியது 1679 இல். மூதூரில் அதற்கு நினைவுக்கல் உண்டு. ஒரு பாய்மரத்துக்காகப் பத்தொன்பது வருசம் என்றேன். மாமாவுக்கு அந்தப் பையன்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. சற்று நேரம் கழித்து, "அந்தக் காலத்திலை இந்தக் காட்டிலை பாய்மரத்துக்குக் குறைவே இருந்திருக்காது. கேட்டு வாங்கியிருக்கலாம்" என்றார்.

மூதூர்க் கரையில் ஒருவர் ஓடி வந்து அணியத்தைப் பிடித்தார். மாமா 1980களில் கட்டிய வள்ளம் ஒன்றுக்குச் சொந்தக்காரர். "காக்கா, இது உங்கட பழசெல்லோ!" என்று அவர் மாமாவின் தோளில் கை போட்டார். மாமாவை அவர் அண்ணன் முறையில் காக்கா என்பதும் மாமா அவரைத் தம்பி என்பதுமாக அரை மணித்தியாலம். போர்க்காலத்தில் இயந்திரம் ஓட்டக் கட்டுப்பாடு வந்தபோது, அவரும் மாமாவும் மறுபடி பாய் விரித்த நாட்களைக் கதைத்தார்கள். அவர் வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணியும் வட்டிலப்பமும் கரையிலேயே முடிந்தன. பின்னேரக் கடற்காற்று எழும்பியதும் திரும்பிவிட்டோம்.

வரும் வழியில் கொஞ்ச நேரம் சுக்கானை என்னிடம் தந்தார். வள்ளம் பாய்ப்பக்கம் சாய்ந்து ஓடியது. மாமா முன்னுக்குப் போய் அடிப்பலகையைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் துழாவினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சோக்கட்டி எடுத்து வலப்பக்கம் மூன்றாவது வங்குக்குக் கிட்ட ஒரு கோடு கீறினார். மூன்று அங்குலம் இருக்கும்.

ஆறாம் நாள்

பஸ் ஏழரைக்கு. மாமி பொரித்த மீனும் கருவாட்டுப் பொதியும் கட்டித் தந்தா. மாமா வீட்டில் இல்லை. கடற்கரைக்குப் போனேன்.

வள்ளத்தைக் கரைக்கு இழுத்துச் சரித்து வைத்திருந்தார்கள். மாமா மணலில் மல்லாந்து படுத்து, சோக்குக் கோடு கீறிய நீக்கலைச் சின்ன உளியால் திறந்துகொண்டிருந்தார். பேரன் பக்கத்தில் இருந்து பஞ்சு திரித்தான்.

"போயிட்டு வாறன் மாமா."

"மாமி தந்ததை எடுத்தனியோ?"

"எடுத்திட்டன்."

"சரி, போயிட்டு வா" என்றவர், சுத்திக்குக் கையை நீட்டினார். நான் எடுத்துக் கொடுத்தேன். றோட்டுக்கு ஏறும்வரை அந்தச் சத்தம் கேட்டது. முதலில் மொத்தென்று, கொஞ்சம் கொஞ்சமாக டொக்கென்று.